மில்காரர் நோட்டில் இருக்கும் பாக்கி

கேள்வி: வில்லிவாக்கத்தில் ஆறு வருடமாகத் தட்டை, முறுக்கு, சீடை செய்து பாக்கெட் போட்டு விற்கிறேன். வீட்டு மாடியில் தனி ஆளாக ஆரம்பித்தது. இப்போது வாடகை இடத்தில் 12 பெண்கள் வேலை பார்க்கிறார்கள், மாதம் 11,000 பாக்கெட் போகிறது. போன மாதம் கிண்டியில் நடந்த ஒரு தொழில்முனைவோர் கருத்தரங்கில் 'எத்திக்கல் ஆன்ட்ரபிரனர்ஷிப்' பற்றிப் பேசினார்கள். லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குத் திருப்பிக் கொடுங்கள், மரம் நடுங்கள் என்றார்கள். ஆசைதான். ஆனால் கணக்கு நோட்டைத் திறந்தால் வேறு கேள்விகள் வந்து நிற்கின்றன. ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனம் மாதம் 5,000 தட்டை பாக்கெட் கேட்கிறது. கடைகளுக்கு 58 ரூபாய்க்குப் போடுவதை 51-க்குக் கேட்கிறார்கள், பணம் 60 நாள் கழித்துத்தான். எனக்கு ஆலோசனை சொல்பவர், கடலெண்ணெயை விட்டுப் பாமாயிலுக்கு மாறுங்கள், கவரை மாற்ற வேண்டாம், இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு வராமலிருக்க 9 பேரை மட்டும் ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், காட்டுங்கள் என்கிறார். மாவு மில்காரருக்கு மூன்று மாத பாக்கி நிற்கிறது. தீபாவளிப் பலகாரச் சீட்டில் 140 பேர் மாதம் 300 ரூபாய் கட்டுகிறார்கள், 10 மாதச் சீட்டு. ஏழு மாதப் பணம் வந்துவிட்டது. அதில் 2,40,000 ரூபாயை எடுத்து மெஷின் வாங்கிவிட்டேன். தர்மம் பார்த்தால் கடையைச் சாத்திக்கொண்டு போக வேண்டியதுதான் என்கிறார் என் கணவர். நேர்மையாகத் தொழில் செய்வது என்றால் உண்மையில் என்ன? அப்படிச் செய்து பிழைக்க முடியுமா?
வாசகி, வில்லிவாக்கம்

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த 2 சதவீதத்தை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுவோம். அது 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவில் வருவது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்ய வேண்டும். 12 பேரோடு மாவு பிசைகிற உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மரம் நட ஆசையிருந்தால் நடுங்கள், நல்ல காரியம். ஆனால் வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து பார்த்தீர்கள் பாருங்கள், நீங்கள் தேடுவது அங்கேதான் இருக்கிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் இரண்டு லேத் போட்டு ஜாப் ஒர்க் செய்துவந்தார். ஐந்து பேர் வேலை பார்த்தார்கள். ஒரு பெரிய கம்பெனிக்கு புஷ், பின் மாதிரி சின்ன உதிரி பாகங்களைக் கடைந்து கொடுப்பார். சரக்கு போய்ச் சேர்ந்ததும் சலானில் சீல் விழுந்துவிடும், பணம் மட்டும் வராது. 30 நாளில் தருவதாகப் பேச்சு. ஏழு மாதம் இழுத்ததும் உண்டு. பள்ளிக்கூட லீவு நாட்களில் அவரோடு போய் அந்த கம்பெனியின் அக்கவுன்ட்ஸ் செக்ஷன் வாசலில், சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 'செக் கையெழுத்துக்குப் போயிருக்கு, வியாழக்கிழமை வாங்க' என்பார்கள். அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து, பாக்கித் தொகைக்குப் பக்கத்தில் அன்றைய தேதியைக் குறித்துக்கொள்வார். ஒரே தொகைக்கு எதிரே ஒன்பது, பத்து தேதிகள் இருந்தன. வியாழன் போய் வெள்ளி வரும், சனிக்கிழமை ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். அம்மாவின் வளையல் புரசைவாக்கத்து அடகுக் கடைக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டே இருந்தது.

அந்த வருடம்தான் அதே கம்பெனி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தது. பேப்பரில் படம் வந்திருந்தது. அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'நல்ல காரியம்தான்பா. அதுல நம்ம பணமும் கொஞ்சம் இருக்கு' என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அந்தக் குரல் இன்னும் கேட்கிறது.

26 வருடமாக ஆடிட்டராக இருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் கணக்கு கைக்கு வந்தால் லாப நஷ்டத்துக்கு முன்னால் நான் புரட்டுவது, அது யார் யாருக்கெல்லாம் பாக்கி வைத்திருக்கிறது என்ற பட்டியலைத்தான். பேங்க் தவணை தேதி தவறாமல் போயிருக்கும், கார் லோன் போயிருக்கும். அட்டைப்பெட்டி போடுகிற சின்ன ஆள் மட்டும் 120 நாளாகக் காத்துக்கொண்டிருப்பார். தொழில் என்று வந்துவிட்டால் நெருக்கடி வராமல் இருக்காது. எண்ணெய் விலை ஏறும், ஆர்டர் நின்று போகும், மெஷின் மக்கர் பண்ணும். அப்போதெல்லாம் அந்தச் சுமையை யார் தலையில் இறக்குவது என்று முதலாளி முடிவு செய்கிறார், பல சமயம் முடிவு செய்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல். எதிர்த்துக் கேட்க முடியாதவர் தலையில் அதை இறக்காமல் இருப்பதைத்தான் நான் நேர்மையான தொழில் என்பேன். உங்கள் கடிதத்தில் அப்படிக் கேட்க முடியாதவர்கள் நாலு வகையாக இருக்கிறார்கள். மில்காரர், வேலை செய்யும் பெண்கள், சீட்டுக் கட்டும் குடும்பங்கள், கவரை நம்பி வாங்குகிறவர்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய தாளை வைத்து 200 கிராம் தட்டை பாக்கெட் ஒன்றுக்கு அடக்க விலை போட்டுப் பார்த்தேன். மாவு, உளுந்து, வெண்ணெய், கடலெண்ணெய், மசாலா எல்லாம் சேர்த்து 27 ரூபாய். கவர், லேபிள், பெட்டி 4 ரூபாய் 50 காசு. 12 பேருக்கு ஆளுக்கு 14,000 சம்பளம், அதை 11,000 பாக்கெட்டுக்குப் பிரித்தால் 15 ரூபாய் 27 காசு. கேஸும் கரண்டும் 3 ரூபாய், வாடகை 2 ரூபாய், வண்டி ஒன்றரை ரூபாய். மொத்தம் 53 ரூபாய் 27 காசு. உங்களுக்கென்று ஒரு சம்பளத்தை நீங்கள் இதில் எழுதவே இல்லை. 58 ரூபாய்க்கு விற்றால் மிஞ்சுகிற 4 ரூபாய் 73 காசுதான் உங்கள் உழைப்புக்கும், உடைந்துபோன சரக்குக்கும், மெஷின் தேய்மானத்துக்கும், லாபத்துக்கும் சேர்த்து.

இதில் 51 ரூபாய் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அடக்கத்துக்கும் கீழே 2 ரூபாய் 27 காசு. 'அளவு கூடினால் செலவு பரவிவிடும், வாடகையும் சம்பளமும் அதேதானே' என்று உங்கள் ஆலோசகர் சொல்வார். வாடகை சரி. சம்பளம்? இப்போது 11,000 பாக்கெட் போடுகிற அதே 12 பேர் 16,000 போட வேண்டுமானால் ஒன்று ஆள் கூட்ட வேண்டும், இல்லையென்றால் அவர்கள் இரவு 9 மணி வரை நின்று பிழிய வேண்டும். அந்தக் கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுத்தால் செலவு பரவாது. கொடுக்காவிட்டால் அந்தச் சூப்பர் மார்க்கெட்டுக்கு நீங்கள் தரும் தள்ளுபடியை உங்கள் பெண்கள் கட்டுகிறார்கள். பாமாயில் யோசனையும் ரோலில் 9 பேர் யோசனையும் வேறெங்கிருந்தும் வரவில்லை, இந்த 51 ரூபாயிலிருந்துதான் முளைத்திருக்கின்றன. அடக்கத்துக்குக் கீழே விலையை ஒப்புக்கொண்டுவிட்டால், அப்புறம் எவ்வளவு நல்ல மனசு இருந்தாலும் எங்கேயோ ஓரிடத்தில் யாரையோ பிடுங்கித்தான் ஆக வேண்டும். அதனால்தான் நேர்மை பற்றி என்னிடம் கேட்கிறவர்களிடம் நான் முதலில் அடக்க விலைத் தாளைக் கேட்கிறேன்.

அந்த 60 நாளுக்கும் ஒரு விலை இருக்கிறது. மாதம் 5,000 பாக்கெட், 51 ரூபாய் வீதம் 2,55,000. இரண்டு மாதம் என்றால் 5,10,000 ரூபாய் எப்போதும் அவர்கள் கையில் இருக்கும். வருடம் 12 சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் 5,100 ரூபாய், பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. அது போகட்டும், அந்த 5 லட்சத்தை நீங்கள் எங்கிருந்து கொண்டுவருவீர்கள்? இப்போது எங்கிருந்து எடுக்கிறீர்களோ அங்கிருந்துதான். மில்காரரின் மூன்று மாத பாக்கி ஆறு மாதமாகும்.

சட்டம் இந்த விஷயத்தில் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006-ம் வருடத்துக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதா மாதம் கூட்டு வட்டி. 2023-ல் வருமான வரிச் சட்டத்திலும் ஒரு மாற்றம் செய்து 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். கெடு தாண்டிக் கொடுக்கும் பணத்தை, கொடுத்த வருடத்தில்தான் வாங்கினவர் செலவாகக் கழிக்க முடியும். ஆக, 60 நாள் என்று எழுதியிருக்கும் அந்த ஒப்பந்த வரியே சட்டத்துக்கு எதிரே நிற்காது. ஆனால் உங்களிடம் மறைக்க மாட்டேன், ஆர்டர் கொடுக்கிறவரோடு வழக்காடி அவரிடமே மறுபடி ஆர்டர் வாங்குவது நடக்கிற காரியமில்லை. அதனால் வேறொரு வழியைக் கேட்டுப் பாருங்கள். ட்ரெட்ஸ் என்று ஒரு இணையச் சந்தை இருக்கிறது. வாங்கினவர் உங்கள் பில்லை அதில் ஒப்புக்கொண்டால், வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொஞ்சம் கழித்துக்கொண்டு உடனே உங்களுக்குப் பணம் தந்துவிடும். கெடு நாளில் வாங்கினவரிடமிருந்து அவை வசூலித்துக்கொள்ளும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் இதில் சேர வேண்டும் என்று 2024 நவம்பரில் அறிவிப்பு வந்தது. நீங்கள் சொல்லும் நிறுவனம் அந்த அளவுள்ளதாக இருந்தால், 'ட்ரெட்ஸில் பில்லைப் போடலாமா' என்று கேட்பதில் தவறே இல்லை.

என்னைக் கேட்டால் 51 ரூபாய்க்கு அந்த ஆர்டரை எடுக்காதீர்கள். 5,000-க்குப் பதில் 2,000 பாக்கெட், 56 ரூபாய், 30 நாள் என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். விற்காமல் தேதி முடிந்து திரும்பி வருகிற சரக்கு யார் கணக்கு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இதைப் பேசாமல் விட்டுவிட்டுப் பிறகு மூட்டையாகத் திரும்பி வரும்போது, பழைய தேதி மேல் புதுத் தேதி ஸ்டிக்கர் ஒட்டலாமா என்ற எண்ணம் நல்லவர்களுக்கும் வந்துவிடுகிறது. அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் போகட்டும்.

எண்ணெய் விஷயத்தில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. பாமாயில் விஷமில்லை, சட்டப்படி விற்கிற சமையல் எண்ணெய்தான். குறைந்த விலையில் ஒரு தட்டை போட நினைத்தால் பாமாயிலில் தாராளமாகப் போடுங்கள். வேறு நிறக் கவர், வேறு பெயர், வேறு விலை, பொருட்கள் பட்டியலில் பாமாயில் என்று தமிழிலும் படிக்கிற அளவில் எழுத்து. வாங்குகிறவர் பார்த்துத் தெரிந்து வாங்கட்டும். கடலெண்ணெய் என்று போட்ட கவருக்குள் அது போகக் கூடாது. உங்கள் தட்டையைக் குழந்தைக்கு டப்பாவில் வைத்து அனுப்புகிற அம்மாவிடம் எண்ணெயைச் சோதித்துப் பார்க்க ஒரு கருவியும் இல்லை. அவருக்கு இருப்பது அந்தக் கவரில் நீங்கள் எழுதிய ஒரு வரி மட்டும்.

கவர் பற்றிப் பேசும்போதே இன்னொன்று. 'வீட்டுத் தயாரிப்பு' என்று முன்பக்கம் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். மாடியில் தனியாகச் செய்த காலத்தில் அது உண்மை. இன்று 12 பேர், மாவு பிசைய மெஷின், தனி இடம். வாங்குகிறவரைத் தவறாக எண்ண வைக்கும்படி இப்படிச் சொற்களைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிகள் சொல்கின்றன. அடுத்த முறை கவர் அடிக்கும்போது எடுத்துவிடுங்கள். 'வில்லிவாக்கத்தில் 12 பெண்கள் கையால் பிழிந்தது' என்று போடுங்களேன், அதைவிட நன்றாகத்தான் இருக்கிறது. அப்படிப் போட்டால் ரோலிலும் 12 பேர் இருக்க வேண்டும்.

அதற்கு வருகிறேன். 10 பேர் இருந்தாலே இஎஸ்ஐ உண்டு. மாதம் 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு அது பொருந்தும். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். 14,000 சம்பளத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது 455 ரூபாய், அவர் பங்கு 105 ரூபாய். 12 பேருக்கு உங்கள் செலவு மாதம் 5,460. ஒரு தட்டை பாக்கெட்டுக்கு 50 காசு. மூன்று பேரின் பெயரை அழித்துவிட்டு மொத்தப் பேருக்கும் இஎஸ்ஐ இல்லாமல் செய்கிற யோசனையின் லாபம் அந்த 50 காசுதான்.

சில வருடத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு பலகார யூனிட்டின் கணக்கைப் பார்க்கப் போயிருந்தேன். பாக்கெட் கட்டும் மேஜையில் ஒரு அம்மா இடது கையால் மட்டும் எடை போட்டுக்கொண்டிருந்தார். வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கட்டு. ஆறு வாரத்துக்கு முன் சீடை வெடித்துச் சட்டி எண்ணெய் மேலே தெறித்திருக்கிறது. சீடை வெடிப்பது உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் பெயர் ரோலில் இல்லை. முதலாளி கெட்டவர் இல்லை. ஆட்டோவில் கூட்டிக்கொண்டு ஓடியவர் அவர்தான், கையிலிருந்த 5,000 ரூபாயையும் கொடுத்திருக்கிறார். அதற்கு மேல் அவராலும் முடியவில்லை. வீட்டு வாடகை கட்ட வேண்டுமே என்று புண் ஆறுவதற்குள் அந்த அம்மா வேலைக்கு வந்துவிட்டார். பதிவு இருந்திருந்தால் வைத்தியம் முழுக்க இலவசம், வேலைக் காயத்தால் வீட்டிலிருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். அந்தத் தொகையை நான் அங்கேயே மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. உங்களுக்கு அயனாவரம் இஎஸ்ஐ மருத்துவமனை கூப்பிடு தூரம். உங்கள் 12 பேரில் கல்யாணமான சின்னப் பெண்கள் இருந்தால் பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளமும் அதிலிருந்தே வரும். பிஎஃப் 20 பேர் ஆனதும் கட்டாயம், அதை இப்போதே அடக்க விலைத் தாளில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். 20-வது ஆளைச் சேர்க்கப் பயப்படாமல் இருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றை நானே கேட்கிறேன். பொரித்த பழைய எண்ணெய் எங்கே போகிறது? டின்னோடு காசு கொடுத்து எடுத்துப் போகிற ஆள் வருகிறாரா? அந்த எண்ணெய் பல சமயம் தெருவோரச் சட்டிக்குத்தான் போகிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில், அது கெடக் கெட ஏறுகிற மொத்த போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி இருக்கிறது. பயோடீசலுக்கு எடுக்கிற, ஆணையத்தில் பதிவு பெற்ற சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் கொடுங்கள். கொஞ்சம் காசு குறையும். உங்கள் பெயர் எழுதாத பஜ்ஜியாக இருந்தாலும் அதைத் தின்பதும் யாரோ ஒருவர் பிள்ளைதான்.

இனி சீட்டு. உங்கள் கடிதத்தில் எனக்கு நிஜமாகவே கவலை தந்தது இதுதான். சென்னையில் 1906 அக்டோபரில் ஆர்பத்நாட் கம்பெனி என்ற பெரிய வங்கி நிறுவனம் விழுந்தது. பணம் உள்ளே கரைந்துபோன பிறகும் புது டெபாசிட்டை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். பென்ஷன்காரர்களும் விதவைகளும் போட்டு வைத்திருந்ததெல்லாம் போயிற்று. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல் கிடைத்தது. இனி நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று அடுத்த வருடமே இந்த ஊர்க்காரர்கள் தொடங்கியதுதான் இந்தியன் வங்கி. உங்களை அவர்களோடு சேர்க்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள், அளவும் வேறு, எண்ணமும் வேறு. ஆனால் இன்று வாங்கிய பணத்தை நாளை வரப்போகும் பணத்தை நம்பி எடுப்பது என்ற அந்த ஒரு பழக்கம் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

140 பேர், ஏழு மாதம், 2,94,000 வந்தது. மெஷினுக்கு 2,40,000 போக 54,000 இருக்கிறது. இன்னும் மூன்று மாதத்தில் 1,26,000 வரும். ஆக தீபாவளிக்கு உங்கள் கையில் இருக்கப்போவது 1,80,000. ஆளுக்கு 3,000 ரூபாய் பெறுமான பலகாரம் கொடுக்க வேண்டும். உங்கள் அடக்கம் நூற்றுக்கு 75 என்று வைத்தாலும் 3,15,000 வேண்டும். 1,35,000 துண்டு விழுகிறது. இதை மறைக்காமல் இப்போதே எதிர்கொண்டால் சமாளித்துவிடலாம். வருடக்கணக்கில் உழைக்கப் போகிற மெஷினை மூன்று மாதத்தில் திருப்ப வேண்டிய பணத்தில் வாங்கியதுதான் தப்பு. முத்ரா திட்டத்தின் கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கடன் உண்டு. மெஷின் பில்லையும் ஒரு வருட ஜிஎஸ்டி ரிட்டர்னையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் பேங்குக்குப் போங்கள். சீட்டுக்கென்று தனிக் கணக்கு ஒன்று திறந்து, கடன் கிடைத்ததும் எடுத்ததை அதில் திருப்பிப் போடுங்கள். இனி வரும் 300 ரூபாய்கள் நேராக அதில் விழட்டும், தீபாவளிச் சரக்கு வாங்க மட்டும் அதிலிருந்து எடுங்கள். பலகாரத்துக்குப் பதில் பணமாகத் தருவதாகவோ கூடுதலாகத் தருவதாகவோ யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அனுமதியில்லாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டம் அங்கே குறுக்கே வரும். அடுத்த வருடச் சீட்டைத் தொடங்கும் முன் என்னையோ வேறொரு ஆடிட்டரையோ ஒருமுறை நேரில் பாருங்கள்.

உங்கள் கணவர் சொல்வதைத் தட்டிக் கழிக்காதீர்கள். அவர் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நேர்மையாக இருந்தால் தொழில் கட்டாயம் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன், என் அப்பா பட்டறையை மூடியவர். ஆனால் ஏன் மூடினார் என்று பின்னாளில் அவருடைய நோட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். ஒரு வருடம்கூட அவர் அந்த வட்டியை, அடகுக் கடைக்குக் கட்டிய வட்டியை, கடைசல் ரேட்டில் சேர்க்கவில்லை. கேட்டால் ஆர்டர் போய்விடும் என்று பயந்தார். கூலி தவறியதில்லை, சரக்கில் குறை வைத்ததில்லை, தன் விலையை மட்டும் கேட்கத் தெரியவில்லை. அடுத்தவருக்கு ஒழுங்காகக் கொடுக்க நினைக்கிறவர் தனக்கு வர வேண்டியதையும் வாய்விட்டுக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சுமை அவருடைய வீட்டிலேயே இறங்குகிறது. எங்கள் வீட்டில் அது அம்மாவின் கையில் இறங்கியது. அதனால் அடக்க விலைத் தாளில் உங்கள் சம்பளத்தையும் எழுதுங்கள். 58 ரூபாய் போதாது என்று தெரியவந்தால் 61 கேளுங்கள். சில கடைகள் போகும். போகிற கடைகளை உங்கள் கணவரோடு சேர்ந்து எண்ணிப் பாருங்கள், அவர் பயந்த அளவுக்கு இருக்கிறதா என்று இருவருக்கும் தெரியும்.

கடைசியாக அந்த மில்காரர். 60 நாளைப் பற்றி எனக்கு அவ்வளவு வருத்தத்தோடு எழுதிய நீங்கள், அவருடைய 90 நாளை ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். மேலே சொன்ன 45 நாள் சட்டம், உத்யம் பதிவு இருந்தால், உங்கள்மேல் அவருக்கும் உண்டு. அவர் அதைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார். உங்களைத் தெரிந்த மனிதர், ஆறு வருடமாக மாவு தருகிறார், கேட்கச் சங்கடப்படுவார். மூன்று மாத பாக்கியை ஆறு தவணையாகப் பிரியுங்கள். புதுச் சரக்குக்கு உடனுக்குடன் கொடுத்துவிடுங்கள். முதல் தவணையை இந்த சனிக்கிழமை ஜிபேயில் அனுப்பாமல் நீங்களே மில்லுக்குக் கொண்டுபோங்கள். மீதி ஐந்துக்கும் தேதி சொல்லி, அவர் நோட்டை வாங்கி, உங்கள் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.